கால் பங்கு விமானமும் கைப்பிடிச் சந்தனமும்

போன வாரம் க்ளினிக்கில் ஒரு மாமிக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். பாட்டு டீச்சர். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, அரை மணி நேரத்துக்குப் பேசவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆட்டி முடித்த கையோடு பஞ்சுக்கு இடையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், நீங்க சொந்தமா ஏரோப்ளேன் வாங்கியிருக்கேளாமே? எங்காத்து மாடியில குடியிருக்கறவா சொன்னா. பல்லு பிடுங்கறதுல அவ்வளவா வரும்படி?"

இருபத்திரண்டு வருடமாக, நோயாளியின் வாயில் கருவியை வைத்துவிட்டு 'பையன் என்ன படிக்கிறான்?' என்று கேட்கிறவள் நான். அந்த நோயாளிகள் அத்தனை பேர் சார்பாகவும் மாமி பழி தீர்த்துக்கொண்டார்.

மயிலாப்பூரில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வேறு யாராவது இன்னும் நாலு கதை சேர்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், விமானம் வாங்கியிருக்கிறேன். ஆனால் முழு விமானம் இல்லை. கால் விமானம்.

அதாவது, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செகண்ட் ஹேண்ட் விமானம் வாங்கினோம். இரண்டே சீட். எங்கள் வீட்டு ஹாலை விடக் கொஞ்சம் நீளம். சென்னையிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால், வயலுக்கு நடுவில் ஒரு சின்ன ஓடுதளம். அங்கே ஒரு ஷெட்டில்... மன்னிக்கவும், ஹேங்கரில் நிற்கிறது. ஷெட் என்றால் வாடகை குறைவு. ஹேங்கர் என்று சொல்லித்தான் வசூலிக்கிறார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நாலு பேரு சேந்து வாங்குதீயளே, இதுல உன் பங்கு எது கோமதி? றெக்கையா, சக்கரமா?"

ஆவுடையப்பனை உங்களுக்குத் தெரியும். நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து திட்டு வாங்குகிறவர்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். அவருக்கு உலகத்தில் எல்லாமே சரக்கு. சரக்கில் இரண்டே வகை. ஓடுகிற சரக்கு, நிற்கிற சரக்கு. நிற்கிற சரக்கைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சின்ன விமானத்தைப் போல நிற்கிற சரக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பறந்தால் பெட்ரோல் செலவு. சரி, நியாயம். பறக்காமல் நின்றால் ஹேங்கர் வாடகை. நின்றாலும் விழுந்தாலும் இன்ஷூரன்ஸ். வருடத்துக்கு ஒருமுறை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டி, 'இது பறக்கத் தகுதியானது' என்று தாள் வாங்க வேண்டும். ஒரு போல்ட் மாற்ற வேண்டுமா? ராயப்பேட்டை ஹார்ட்வேர் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற அதே சைஸ் போல்ட்தான். ஆனால் விமானத்துக்கான போல்ட் மார்க் ஷீட்டோடு வரும். எங்கே பிறந்தது, யார் சோதித்தார்கள் என்று ஒரு தாள். விலை போல்ட்டுக்கு இல்லை, அந்தத் தாளுக்கு.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் ரூபாயில் கேட்டுக்கொள்வதில்லை. சேலையில் கேட்பார். வாடகையில் என் பங்கு, மாதம் இரண்டு காட்டன் சேலை. இன்ஷூரன்ஸ், ஒரு முகூர்த்தப் பட்டு. டயர் மாற்றிய மாதம் மூன்று சில்க் காட்டன். "பறந்தாத்தான் செலவுன்னுல்லா நெனச்சேன்," என்பார் சோகமாக. "நின்னாலுமில்லா செலவு வைக்கி!"

இத்தனை செலவையும் தாங்கிக்கொண்டு நான் பறந்தேனா? அதுதான் வம்பு. பறந்தேன். பக்கத்தில் கலை இருக்கும்போது மட்டும்.

கலை என்கிற கலைச்செல்வி எனக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். இருபத்தெட்டு வயது. என் மகளை விட ஆறு வயது மூத்தவள், என்னை விட இருபத்தொன்று இளையவள். ராயப்பேட்டையில் அவள் அப்பா டூவீலர் மெக்கானிக். ரேடியோவில் பேசும்போது கலையின் ஆங்கிலம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். மைக்கை விட்டதும் ராயப்பேட்டை வந்துவிடும்.

டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கினேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். ஓடுதளத்தைச் சுற்றி ஒரு செவ்வகமாகப் பறந்து வந்து இறங்குவதுதான் அடிப்படைப் பயிற்சி. அந்த நான்கு திருப்பங்களின் ஆங்கிலப் பெயர்கள் என் மண்டையில் நிற்கவே இல்லை. கடைசியில் மாட வீதி என்று வைத்துக்கொண்டேன். கிழக்கு மாட வீதியில் ஏறு, வடக்கில் திரும்பு, மேற்கில் வேகத்தைக் குறை, தெற்கில் திரும்பி இறங்கு. ஒரே வித்தியாசம், கோயிலை வலம் வருவோம். இங்கே எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்.

கலைக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "மேடம், மேற்கு மாட வீதி வந்துச்சு, இன்னும் இன்னா ஸ்பீடு ஏத்திக்கினு போறீங்க?"

எல்லாம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னால் கலையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன். திரும்பலாமா? ஒரு பார்வை. இறங்கலாமா? ஒரு பார்வை. நானே அறியாமல் கழுத்து திரும்பிவிடும்.

"என் மூஞ்சியிலயா மேடம் ரன்வே கீது? முன்னாடி பாருங்க!" என்று கத்துவாள். கத்தும்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று தடவை, "இன்னிக்கு நான் இறங்கிக்கறேன், நீங்க தனியா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றாள். மூன்று தடவையும், "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு கூட வா கலை" என்று கெஞ்சினேன். முதல் தடவை காற்று அதிகம் என்றேன். இரண்டாவது தடவை தலைவலி. மூன்றாவது தடவை சாக்குச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

பங்காளிகள் மூன்று பேரும் தனியாகப் பறந்து முடித்துவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்தால் ஓடுதளம் சேறாகிவிடும், தை வரைக்கும் மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து உஸ்மான் ரோடு நகைக்கடைக்காரர் ஒருவர், "அம்மா பங்கை எனக்குக் கொடுப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். நல்ல விலை.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அவரும் நானும் முடிவு செய்தோம். விஜயதசமிக்குள் நான் தனியாகப் பறக்க வேண்டும். இல்லையென்றால் பங்கு நகைக்கடைக்காரருக்கு. பறக்காதவளுக்கு எதற்கு விமானம்? அந்த வாதத்தில் என்னாலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்குத் தயிர் சாதத்தைத் தட்டோடு எடுத்து வைத்துவிட்டேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று தெரியுமா? கத்தரிக்கோல், மீட்டர் கோல், பில் மெஷின், லிஃப்ட், ஏ.சி., கல்லாப்பெட்டி... கடையில் எதற்கு ஒரு முனை தெரிந்தாலும் சந்தனம், எதற்கு ஓர் ஓட்டை தெரிந்தாலும் குங்குமம். நான் க்ளினிக்கில் என் நாற்காலிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், மனிதர் கடைப் பூஜையை முடித்துவிட்டு, கடை ஆட்கள் இருவரோடு மூன்று மணி நேரம் காரில் போய், என் விமானத்துக்கும் பூஜை போட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் அவரும் நானும் போய் இறங்கினால்... ஹேங்கர் வாசலில் இரண்டு வாழைக்கன்று. முன்னால் இருக்கிற விசிறிக்கு ரோஜா மாலை. மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். இறக்கை ஓரம் பூராவும் சந்தனப் பொட்டு. தரையில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது.

கலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா சார் இது? ப்ளேன் கல்யாண கார் மாதிரி கீது!"

"கண்ணு பட்டுரும்லா," என்றார் என் வீட்டுக்காரர், பெருமை தாங்காமல்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பங்கை விற்கலாம் என்று சொன்ன அதே மனிதர்தான், நான் பறக்க வேண்டும் என்று ஆறு மணி நேரம் காரில் போய் வந்திருக்கிறார். எந்தக் கணக்கில் இதை எழுதுவது?

பூசணிக்காயைப் பெருக்கினோம். மாலையைக் கழற்றினோம். சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தோம். பிறகு வழக்கமான சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். இறக்கைக்கு அடியில் பேனா மூடி அளவுக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் காற்று புகுந்தால்தான் உள்ளே வேகத்தைக் காட்டும் முள் நகரும். பூச்சி நுழையாமல் இருக்க அதற்கு சிவப்பு ரிப்பன் வைத்த ஓர் உறை போட்டிருப்போம். உறை ஒழுங்காகப் போட்டபடியே இருந்தது. உருவினேன். டிக் அடித்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் கலையும் நானும் சேர்ந்து ஒரு ரவுண்டு, அதற்கப்புறம் நான் தனியாக என்பது திட்டம். ஓடுதளத்தின் முனையில் நின்று எஞ்சினை முழுசாக முடுக்கினேன். விமானம் ஓட ஆரம்பித்தது. இந்த நேரத்தில் வேக முள் எழுந்திருக்க வேண்டும்; எழாவிட்டால் மேலே ஏறக் கூடாது.

எழவில்லை. பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

ஓடுதளம் வேகமாகக் கீழே உருவிக்கொண்டு போகிறது. முள் அப்படியே கிடக்கிறது. என் கழுத்து, வழக்கம்போல, கலை பக்கம் திரும்பியது.

கலை ஜன்னல் வழியாக வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்! கை இரண்டும் மடியில். தலையின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அதில் என்ன படிக்க முடியும்?

அவ்வளவுதான். கை தானாக எஞ்சினைக் குறைத்தது. கால் பிரேக்கை மிதித்தது. "நிறுத்துறேன்!" என்று நானே கத்தினேன். குலுங்கி, இழுத்து, ஓடுதளத்தின் முக்கால் பாகத்தில் வந்து நின்றோம். அழுகை வந்துவிட்டது. நாலாவது தடவையும் போச்சு, நகைக்கடைக்காரருக்கு யோகம் என்றுதான் நினைத்தேன்.

"கலை, முள் நகரலைடி..."

"தெரியும் மேடம். ஓரக்கண்ணால நானும் பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"இன்னும் ரெண்டு செகண்டு பாத்திருப்பேன். அப்பாலிக்கா நானே புட்ச்சி நிறுத்தியிருப்பேன்." என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். சிரித்தாள். "என்னைக் கேக்காம நீங்களே ஒண்ணு முடிவு பண்ணுவீங்களான்னுதான் மேடம் இத்தினி மாசமா பாத்துக்கினு இருந்தேன்."

ஹேங்கருக்குத் திரும்பினோம். அங்கே இருந்த விமான மெக்கானிக் டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

குழாய் நிறைய சந்தனம். காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது.

"மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சி... அதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்னு ஒரு பொட்டு வச்சேன்," என்றார் ஆவுடையப்பன். உறையைக் கழற்றி, சந்தனத்தை அப்பி, திரும்பவும் பொறுப்பாக உறையை மாட்டிவிட்டு வந்திருக்கிறார். போன வருடம் கடையில் கார்டு தேய்க்கிற மெஷினின் வாய்க்கும் இதே கதிதான். இரண்டு நாள் ரொக்க வியாபாரம்.

அவரைச் சொல்லி என்ன? வாழ்நாள் பூராவும் ஊரார் பல்லில் ஓட்டை தேடுகிற நான், என் விமானத்தில் ஓர் ஓட்டைக்குள் எட்டிப் பார்க்காமல் டிக் அடித்திருக்கிறேன். தப்பு என்னுடையது. கலையும், தானும் பார்க்காமல் விட்டதை ஒப்புக்கொண்டாள்.

மெக்கானிக் குழாயைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, முள் ஒழுங்காக எழுகிறதா என்று சோதித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் கிழக்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. மதியத்துக்குமேல் மழை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை அவர்.

"வேண்டாம் கோமதி. வா, வீட்டுக்குப் போவோம். பங்கையும் விக்க வேண்டாம். அது பாட்டுக்கு இங்கன நிக்கட்டும். வாடகையை நான் கட்டுதேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க... நிக்கிற சரக்குக்கா?"

"ஆமா. நின்னுட்டுப் போவுது. நீ இருந்தாப் போதும்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். இதைவிடப் பெரிதாக ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. சொன்னபிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவரோடு காரில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எஞ்சினைக் குறைத்த என் கை, இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்கலாம் என்றது.

"பயமாத்தான் இருக்குங்க," என்றேன். "ஆனா இன்னிக்கு வண்டியை நிறுத்தினது நான்தான். வேற யாரும் இல்ல."

பிறகு கையை விட்டார்.

கலையோடு ஒரு ரவுண்டு போய் வந்தேன். முள் சமர்த்தாக எழுந்தது. இறங்கியதும் கலை பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, குதித்து இறங்கினாள். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "மாட வீதி ஒரு சுத்து. வேடிக்கை பாக்காம வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

ஓர் ஆள் இறங்கினால் சின்ன விமானம் எவ்வளவு லேசாகிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஓடுதளத்தின் பாதிகூடத் தாண்டவில்லை, சட்டென்று எழுந்துவிட்டது! கிழக்கு மாட வீதியில் ஏறினேன். வடக்கில் திரும்பும் முன்னால் பழக்க தோஷம், கழுத்து பக்கத்தில் திரும்பியது. பார்த்தால், பெல்ட் மாட்டிய காலி சீட்.

சிரித்துவிட்டேன். வாய்விட்டு, சத்தமாக, பைத்தியம் மாதிரி. யாருக்குக் கேட்கப் போகிறது?

கீழே ஏரி, பனை வரிசை, ஒரு பள்ளிக்கூடத்து மைதானம், மண் ரோட்டில் ஒரு மினி பஸ். தூரத்தில் மேகத்துக்கு அடியில் ஒரு கோடு கடல். இத்தனை நாளும் இதெல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் கலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம். இந்த வயதில் புதிதாக ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மேற்கில் வேகத்தைக் குறைத்தேன். தெற்கில் திரும்பினேன். இறங்கினேன். குதித்தது. மறுபடி இறங்கினேன். மறுபடி குதித்தது. மூன்றாவது தடவை தரையே என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று தடவை இறங்கியும் என் பயிற்சிப் புத்தகத்தில் ஒன்று என்றுதான் எழுதினார்கள்.

மொத்தம் ஏழு நிமிடம்.

முதல் தடவை தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது விமானக்காரர்களின் வழக்கம். கலை அந்த உரிமையை என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் வாளியைத் தூக்கியதும் என் காதருகே வந்து, "செக் பண்ணிட்டேன் மேடம். வெறும் தண்ணிதான், சந்தனம் இல்ல" என்றாள்.

ஊற்றினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. தண்ணீர் தெறித்தது என்று சொல்லிக்கொண்டார். காரிலிருந்து துண்டு எடுத்து வந்து கொடுத்தார். நான் தலை துவட்டி முடிக்கிறவரை விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமதி, அந்தப் பக்கத்து சீட்டுல இனிமே யாரு உக்காருவா?"

"லைசென்ஸ் வர்ற வரைக்கும் கலை. அதுக்கப்புறம் யாரை வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம்."

தன் கடையின் நாலாவது மாடியிலேயே கைப்பிடிச் சுவர் பக்கம் போகாதவர் அவர். என் கையிலிருந்து துண்டை வாங்கினார். உதறி, அழகாக நாலாக மடித்தார். நேராக விமானத்துக்குப் போய், கதவைத் திறந்து, காலி சீட்டில் அதைப் போட்டு, ஒரு தட்டும் தட்டிவிட்டு வந்தார்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ப்ளேனில் போட்டவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.